அண்டக்கதிரும் ஏலமலையும்

நுழையும்முன்

வானம் அமைதியாக இருப்பதுபோல் தோன்றுகிறது. உண்மையில், கண்ணுக்குப் புலப்படாத துகள்கள் அங்கிருந்து இரவும் பகலும் பொழிந்துகொண்டே இருக்கின்றன. அவை எங்கிருந்து வருகின்றன? எந்தத் திசையில் வருகின்றன? வந்த திசையைக் கொண்டு புறப்பட்ட இடத்தை அறிய இயலுமா? இவ்வினாக்களுக்கு விடைதேடும் முயற்சியில் தமிழகத்தின் மலைகளுக்கும் நகரங்களுக்கும் தனி இடம் உண்டு. அந்த இடம் எவ்வாறு வாய்த்தது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

மலையடிவாரத்து ஊர்

தேனி மாவட்டத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில் அமைந்த ஊர் போடிநாயக்கனூர். ஊரின் மேற்கே மலைகள் மதில்போல் நிமிர்ந்து நிற்கின்றன. கிழக்கே நிலம் சமவெளியாக விரிகிறது. போடிமெட்டுக்குச் செல்லும் சாலை பதினேழு கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மலையேறுகிறது. அதற்கப்பால் மரநிழலில் ஏலச்செடிகள் வளரும் சரிவுகள் தொடங்குகின்றன. ஏலமலை என்னும் பெயரே அச்செடியால் வந்தது. அங்கு விளையும் ஏலக்காய் போடிக்கு வந்து, சலித்துத் தரம் பிரிக்கப்பட்டு, ஏலத்தில் விலைபோகிறது.

இவ்வூருக்கு மழை மேற்கிலிருந்து வருகிறது. தென்மேற்குப் பருவக்காற்று மலையின் மறுபுறத்தில் பெருமழையைக் கொட்டியபின், எஞ்சிய சாரலை இப்பக்கம் அனுப்புகிறது. மேற்கு வானம் கறுத்தால் சாரல் வரும் என்பதை இங்குள்ள உழவர் நன்கறிவர்.

அதே மேற்குத் திசையிலிருந்து மற்றொரு மழையும் சற்று மிகுதியாகப் பொழிகிறது. அம்மழையை எவரும் கண்டதில்லை. அது எவரையும் நனைத்ததும் இல்லை. அதுவே அண்டக்கதிர் மழையாகும். அது மேற்கில் மிகுவதற்குக் காரணம் காற்றன்று, புவியின் காந்தப்புலம்.

அண்டக்கதிர் என்பது யாது?

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அறிவியலாளர் ஒரு புதிரை எதிர்கொண்டனர். மின்னூட்டம் பெற்ற மின்காட்டியை எவ்வளவு கவனமாக மூடிவைத்தாலும் அதன் மின்னூட்டம் மெல்ல மெல்லக் கசிந்தது. மண்ணிலும் பாறையிலும் உள்ள கதிரியக்கப் பொருள்களே இதற்குக் காரணம் என்று பலர் எண்ணினர். அவ்வாறாயின், தரையைவிட்டு மேலே செல்லச்செல்லக் கசிவு குறைய வேண்டும்.

இதனைச் சோதிக்க, ஆஸ்திரிய இயற்பியலாளர் விக்டர் ஹெஸ் 1912 ஆகஸ்டு 7ஆம் நாள் பலூனில் ஏறி ஏறத்தாழ 5300 மீட்டர் உயரம்வரை சென்றார். கசிவு குறையவில்லை; மாறாகப் பன்மடங்கு கூடியது. ஊடுருவும் கதிர் ஒன்று வானிலிருந்தே வருகிறது என்ற முடிவுக்கு அவர் வந்தார். இக்கண்டுபிடிப்புக்காக 1936ஆம் ஆண்டு அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது.

கதிர் எனப் பெயர் பெற்றிருப்பினும் இவை ஒளியைப் போன்ற கதிர்கள் அல்ல, துகள்கள். இவற்றுள் பத்தில் ஒன்பது பங்கு புரோட்டான்கள். எஞ்சியவற்றுள் பெரும்பகுதி ஹீலியத்தின் அணுக்கருக்கள். இவை ஒளியின் வேகத்தை நெருங்கிய வேகத்தில் வந்து, வளிமண்டலத்தின் மேலடுக்கில் உள்ள அணுக்கருக்களில் மோதிச் சிதறுகின்றன. ஒரு மோதலிலிருந்து பல துகள்கள் தோன்றுகின்றன. அவை மீண்டும் மோதிப் பெருகுகின்றன. இறுதியில் நிலத்தை வந்தடைபவற்றுள் முதன்மையானவை மியூவான்கள். கடல் மட்டத்தில் ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பின் வழியே நிமிடத்திற்கு ஏறத்தாழ ஒரு மியூவான் கடந்து செல்கிறது. விரித்த உள்ளங்கையின் ஊடே நொடிக்கு ஒன்று என்ற அளவில் அவை பாய்ந்துகொண்டே இருக்கின்றன.

தெரிந்து தெளிவோம்

மியூவானின் சராசரி ஆயுள் ஒரு நொடியின் பத்து இலட்சத்தில் இரண்டு பங்குக்குச் சற்று மிகுதி. அந்த நேரத்தில் ஒளிகூட ஏறத்தாழ 660 மீட்டர் தொலைவே செல்லும். ஆயினும் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் உயரத்தில் பிறக்கும் மியூவான்கள் நிலத்தை வந்தடைகின்றன. மிகுவேகத்தில் செல்லும் பொருளின் காலம் நமக்கு நீண்டு தோன்றும் என்ற ஐன்ஸ்டைனின் சார்பியல் கொள்கையே இதனை விளக்குகிறது.

காந்தம் வளைக்கும் பாதை

மின்னூட்டம் உள்ள துகள் காந்தப்புலத்தில் இயங்கும்போது அதன்மீது ஒரு விசை செயற்படுகிறது. அவ்விசை துகளின் திசைக்கும் புலத்தின் திசைக்கும் செங்குத்தாக அமைகிறது. எனவே அது துகளின் வேகத்தைக் கூட்டுவதும் இல்லை, குறைப்பதும் இல்லை; திசையை மட்டும் மாற்றுகிறது. நேர்க்கோட்டில் சென்ற துகள் வட்டப்பாதையில் திரும்புகிறது.

அந்த வட்டம் பெரிதா சிறிதா என்பதை மூன்று அளவுகள் முடிவு செய்கின்றன. துகளின் உந்தம் மிகுந்தால் வட்டம் பெரிதாகும். பாதை சிறிதளவே வளையும். புலத்தின் வலிமையோ துகளின் மின்னூட்டமோ மிகுந்தால் வட்டம் சிறிதாகும். பாதை மிகுதியாக வளையும்.

புவியின் காந்தப்புலம் மிகவும் நலிவானது. தென்தமிழகப் பகுதியில் அதன் கிடைக்கூறு ஏறத்தாழ 40 மைக்ரோ டெஸ்லா மட்டுமே. குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டி நிற்கும் சிறு காந்தம் இதனைப்போல் பல மடங்கு வலிமையுடையது. இவ்வளவு நலிந்த புலம், ஒளிவேகத்தை நெருங்கிவரும் துகளை எவ்வாறு திருப்ப இயலும்?

விடை தொலைவில் இருக்கிறது. சிறு காந்தத்தின் ஆளுகை சில சென்டிமீட்டரில் முடிந்துவிடும். புவியின் காந்தப்புலமோ வெளியில் பல்லாயிரம் கிலோமீட்டர் பரந்து கிடக்கிறது. அதன் ஊடே வரும் துகள் ஒவ்வொரு கிலோமீட்டரிலும் சிறிது சிறிதாகத் திரும்புகிறது. 17 கிகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுடைய புரோட்டான் ஒன்று 40 மைக்ரோ டெஸ்லா புலத்தில் இயங்கினால், அதன் வட்டத்தின் ஆரம் ஏறத்தாழ 1400 கிலோமீட்டர். இது கன்னியாகுமரிக்கும் நாக்பூருக்கும் இடைப்பட்ட வான்வழித் தொலைவை ஒத்தது. புவியின் ஆரமாகிய 6400 கிலோமீட்டருடன் ஒப்பிடும்போது இவ்வட்டம் சிறியதே. ஆகவே அத்தகைய துகளுக்குப் புவியின் காந்தப்புலம் புறக்கணிக்கத்தக்க தடையன்று.

இயற்கையின் சல்லடை

போடியில் ஏலக்காயைச் சல்லடையில் இட்டுச் சலிக்கும்போது சிறிய காய்கள் கீழே விழுகின்றன; பருத்த காய்கள் மேலே தங்குகின்றன. புவியின் காந்தப்புலமும் ஒரு சல்லடையே. ஆனால் அது மறுதலையாகச் செயற்படுகிறது. ஆற்றல் குறைந்த துகள்களை அது மேலேயே தடுத்துத் திருப்பிவிடுகிறது. ஆற்றல் மிக்கவற்றை மட்டுமே கீழே விடுகிறது.

இச்சல்லடையின் கண் எல்லா இடங்களிலும் ஒரே அளவினதன்று. துருவப் பகுதிகளில் காந்தக்கோடுகள் ஏறத்தாழச் செங்குத்தாக நிலத்துள் இறங்குகின்றன. காந்தக்கோட்டின் போக்கிலேயே செல்லும் துகளின்மீது காந்தவிசை செயற்படாது என்பதால், ஆற்றல் குறைந்த துகள்களும் அங்கே உள்ளே வருகின்றன. காந்த நடுவரையை ஒட்டிய பகுதிகளிலோ காந்தக்கோடுகள் தரைக்கு இணையாகக் கிடக்கின்றன. மேலிருந்து வரும் துகள் அவற்றைக் குறுக்கே கடந்தாக வேண்டும். அங்கே தடை மிகுதி.

காந்த நடுவரை தென்னிந்தியாவின் தென்கோடியில் திருநெல்வேலி, திருவனந்தபுரம் ஆகியவற்றை ஒட்டிச் செல்கிறது. 1963 நவம்பர் 21ஆம் நாள் இந்தியாவின் முதல் ஆய்வு ஏவூர்தி தும்பாவிலிருந்து செலுத்தப்பட்டதற்கும் இவ்வமைவிடமே காரணம். நேர்மேலிருந்து வரும் புரோட்டான் ஒன்று தென்தமிழகத்தின் வளிமண்டலத்தை எட்ட வேண்டுமாயின், அதற்கு ஏறத்தாழ 17 கிகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலேனும் வேண்டும். உலகிலேயே மிக உயர்ந்த வாயிற்படிகளுள் இதுவும் ஒன்று.

இவ்வேறுபாட்டை முதலில் உணர்த்தியவர் டச்சு இயற்பியலாளர் ஜேக்கப் கிளே. ஜாவாவுக்கும் ஐரோப்பாவுக்கும் இடையே கப்பலில் பயணம் செய்த அவர், 1927ஆம் ஆண்டளவில் தம் கருவி காட்டிய அளவுகளைக் குறித்துவந்தார். நடுவரையை நெருங்கும்போது கதிர் குறைவதையும், விலகும்போது கூடுவதையும் கண்டார். அண்டக்கதிர் ஒளியைப் போன்றது என்று அமெரிக்க இயற்பியலாளர் மில்லிகன் கருதியிருந்த காலம் அது. ஒளியைக் காந்தம் வளைக்காது. எனவே கிளேயின் அளவீடு அக்கருத்தை அசைத்தது. 1932ஆம் ஆண்டு ஆர்தர் காம்ப்டன் உலகின் பல பகுதிகளில் நடத்திய அளவீடுகள், அண்டக்கதிர்கள் மின்னூட்டம் பெற்ற துகள்களே என்பதை உறுதிப்படுத்தின.

மேற்கும் கிழக்கும்

துகள்களுக்கு மின்னூட்டம் உண்டு என்பது தெளிவாயிற்று. அது நேர்மின்னூட்டமா, எதிர்மின்னூட்டமா என்ற வினா எஞ்சியது. அதற்கு விடைகாணும் வழியை இத்தாலிய இயற்பியலாளர் புரூனோ ரோசி 1930ஆம் ஆண்டு முன்வைத்தார். நேர்மின்னூட்டத் துகள்கள் மிகுதியாயின் மேற்கிலிருந்தும், எதிர்மின்னூட்டத் துகள்கள் மிகுதியாயின் கிழக்கிலிருந்தும் கூடுதலாக வர வேண்டும் என்பது அவர் கணிப்பு.

இது ஏன் என்பதை எளிதாக விளங்கிக்கொள்ள ஒரு வழி உண்டு. வந்த துகளை வந்த வழியே திருப்பி அனுப்புவதாகக் கற்பனை செய்துகொள்ள வேண்டும். போடியில் நின்று கிழக்கு நோக்கித் தாழ்வான சாய்வில் வானைப் பார்ப்பதாகக் கொள்வோம். அத்திசையிலிருந்து ஒரு புரோட்டான் வந்திருந்தால், அதன் பாதை எப்படி இருந்திருக்கும்? அப்பாதையைப் பின்னோக்கி வரைந்தால், வடக்கு நோக்கிய புவிக்காந்தப்புலம் அதனைக் கீழ்நோக்கி வளைக்கிறது. துகளின் ஆற்றல் போதாதபோது அக்கோடு மீண்டும் தரையிலேயே வந்து முட்டிவிடும். தரைக்குள்ளிருந்து அண்டக்கதிர் வர இயலாது. ஆகவே அத்தகைய துகள் வந்திருக்கவே முடியாது. கிழக்குத் திசைக்குப் புவியின் உடலே மறைப்பாகிவிடுகிறது.

மேற்கு நோக்கி அதே கணக்கைச் செய்தால் முடிவு வேறாகிறது. மேற்கே பின்னோக்கி வரையும் பாதை மேல்நோக்கி வளைந்து, வெளியை நோக்கி விலகிச் செல்கிறது. அவ்வழி திறந்திருக்கிறது. எனவே ஒரே ஆற்றலுடைய இரு புரோட்டான்களுள் மேற்கிலிருந்து வரும் புரோட்டானுக்கு வாயில் திறக்கிறது; கிழக்கிலிருந்து வரும் புரோட்டானுக்கு அடைபடுகிறது. புவியை ஓர் எளிய சட்டக் காந்தமாகக் கொண்டு கணக்கிட்டால், காந்த நடுவரையில் மேற்கு அடிவானத்திலிருந்து வருவதற்கு ஏறத்தாழ 10 கிகா எலக்ட்ரான் வோல்ட் போதும். கிழக்கு அடிவானத்திலிருந்து வருவதற்கோ ஏறத்தாழ 60 கிகா எலக்ட்ரான் வோல்ட் வேண்டும்.

1933ஆம் ஆண்டு இக்கணிப்பு சோதிக்கப்பட்டது. காம்ப்டனின் மாணவராகிய லூயி ஆல்வரஸ், மெக்சிகோ நகரத்து விடுதி ஒன்றின் மொட்டைமாடியில் துகள் எண்ணும் கருவியைத் தள்ளுவண்டியில் வைத்து, மேற்கும் கிழக்குமாக மாற்றி மாற்றித் திருப்பி அளந்தார். தாமஸ் ஜான்சனும் மெக்சிகோவில் அளவீடு செய்தார். ரோசி தம் கருவியுடன் ஆப்பிரிக்காவின் எரித்திரியாவுக்குச் சென்றார். மூவரும் கண்ட முடிவு ஒன்றே. மேற்கிலிருந்து வருபவை மிகுதியாக இருந்தன. அண்டக்கதிர்களுள் பெரும்பாலானவை நேர்மின்னூட்டம் உடையவை என்பது இவ்வாறு நிறுவப்பட்டது. தொலைதூர விண்வெளியிலிருந்து வரும் துகளின் இயல்பை, திசையை மட்டும் எண்ணிப் பார்த்தே அறிந்துகொண்ட அரிய நிகழ்வு இது.

மதுரையில் ஓர் அளவீடு

போடியிலிருந்து கிழக்கே ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவில் மதுரை இருக்கிறது. அங்கே உயர் ஆற்றல் இயற்பியலுக்கான ஆய்வு மையம் ஒன்று இயங்கிவருகிறது. இரு மீட்டர் நீளமும் இரு மீட்டர் அகலமும் உடைய பன்னிரண்டு உணர்கலங்கள் அங்கே அடுக்கடுக்காக நிறுவப்பட்டன.

அவ்வுணர்கலத்தின் அமைப்பு எளிமையானது. மூன்று மில்லிமீட்டர் தடிமன் உடைய இரு கண்ணாடித் தகடுகளுக்கு இடையே இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி, அவ்விடைவெளியில் வாயுக்கலவை, தகடுகளுக்கு இடையே ஏறத்தாழ பத்தாயிரம் வோல்ட் மின்னழுத்தம். மியூவான் ஊடே பாயும்போது வாயுவில் சிறு மின்பொறி தோன்றுகிறது. அது தோன்றிய இடத்தை மின்கருவிகள் பதிவு செய்கின்றன. பன்னிரண்டு அடுக்குகளிலும் பதிவான புள்ளிகளை இணைத்தால், மியூவான் வந்த கோடு கிடைக்கிறது. அது வந்த திசை தெரிகிறது.

இவ்வடுக்கினைக் கொண்டு, எத்திசையிலிருந்து எத்தனை மியூவான்கள் வருகின்றன என்று ஆய்வாளர் எண்ணினர். மேற்கிலிருந்து வருபவை மிகுதியாக இருந்தன. வானுச்சியிலிருந்து சாய்வு கூடக்கூட இவ்வேறுபாடும் கூடியது. தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன் மெக்சிகோவின் மொட்டைமாடியில் கண்ட உண்மையை, வைகைக்கரை நகரம் தன் நுண்கருவிகளால் மிகத் துல்லியமாக மீண்டும் எடுத்துரைத்தது. கணினியில் செய்த கணக்கீடுகளைச் சரிபார்க்கவும் இவ்வளவீடு துணைபுரிகிறது.

மதுரையில் 2018ஆம் ஆண்டு முதல் மற்றொரு கருவியும் இயங்குகிறது. 85 டன் எடையுள்ள இரும்புத் தகடுகளை அடுக்கி, மின்சுருள்களால் ஏறத்தாழ 1.4 டெஸ்லா காந்தப்புலத்தை ஏற்படுத்தி, இடையிடையே உணர்கலங்களைச் செருகியுள்ளனர். புவியின் புலத்தைக்காட்டிலும் இது முப்பதாயிரம் மடங்குக்கும் மேல் வலியது. ஆகையால் பல்லாயிரம் கிலோமீட்டரில் புவி செய்யும் வேலையின் ஒரு கூற்றை இக்கருவி சில மீட்டருக்குள் செய்கிறது. பாதை ஒரு பக்கம் வளைந்தால் நேர்மின்னூட்ட மியூவான். மறுபக்கம் வளைந்தால் எதிர்மின்னூட்ட மியூவான். திசையைக் குழப்பும் அதே காந்தம், துகளை அடையாளம் காட்டவும் உதவுகிறது.

உதகையில் திறந்த வாயில்

புவியின் காந்தத் தடுப்பு என்றும் ஒரே நிலையில் இருப்பதன்று. சூரியன் அவ்வப்போது மின்துகள் கூட்டத்தையும் அதனுடன் பிணைந்த காந்தப்புலத்தையும் வெளியே வீசுகிறது. அது புவியை மோதும்போது தடுப்பு தளர்கிறது.

உதகமண்டலத்தை அடுத்த முத்தொரையில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2200 மீட்டர் உயரத்தில், டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கிரேப்ஸ்-3 ஆய்வகம் உள்ளது. அங்குள்ள மியூவான் தொலைநோக்கி 560 சதுர மீட்டர் பரப்புடையது. ஆறு மீட்டர் நீளமுள்ள 3712 எஃகுக் குழாய்களால் ஆனது. கோலார் தங்கவயலில் முன்னர் நடந்த ஆய்வில் பயன்பட்ட குழாய்களே இங்கு மறுவாழ்வு பெற்றன.

2015 ஜூன் 22ஆம் நாள் நள்ளிரவையொட்டி, இத்தொலைநோக்கியில் மியூவான்களின் எண்ணிக்கை திடீரெனக் கூடியது. ஏறத்தாழ இரண்டு மணி நேரம் அவ்வுயர்வு நீடித்தது. அப்பொழுது சூரியனிலிருந்து கிளம்பிய பிழம்பு ஒன்று புவியின் காந்த மண்டலத்தைத் தாக்கி அழுத்தியிருந்தது. வாயிற்படி சற்றே தாழ்ந்தமையால், வழக்கமாகத் திரும்பிச் செல்லும் துகள்கள் உள்ளே நுழைந்தன என்பதை ஆய்வாளர் கணக்கிட்டுக் காட்டினர். அம்முடிவு 2016ஆம் ஆண்டு வெளியாயிற்று.

இஃது ஆய்வகத்தோடு முடியும் செய்தியன்று. காந்தப்புயல் வலுத்தால் செயற்கைக்கோள்கள் பழுதுறலாம். மின்கடத்து அமைப்புகள் செயலிழக்கலாம். வழிகாட்டும் குறிப்பலைகள் தடுமாறலாம். தடுப்பு எப்பொழுது தளர்கிறது என்பதை அறிவது, இன்றைய வாழ்வைக் காத்துக்கொள்ளும் அறிவாகவும் ஆகிறது.

புறப்பட்ட இடம் எங்கே?

புவியை அடையும் முன்பே துகள்களின் திசை பலமுறை மாறிவிடுகிறது. பால்வெளி மண்டலம் முழுவதும் காந்தப்புலம் பரவியுள்ளது. அது புவியின் புலத்தைவிடப் பல்லாயிரம் மடங்கு நலிவானது. ஆனால் அங்குத் தொலைவோ கணக்கில் அடங்காதது. 10 கிகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள புரோட்டான் அப்புலத்தில் வரையும் வட்டம், சூரியனுக்கும் புவிக்கும் இடைப்பட்ட தொலைவைவிடக் குறைந்த ஆரம் உடையது. விண்மீன்களுக்கு இடைப்பட்ட தொலைவோ அதனைவிட இலட்சக்கணக்கான மடங்கு பெரிது. எனவே அத்துகள் எண்ணற்ற முறை சுழன்று சுழன்று, தான் புறப்பட்ட திசையின் நினைவை முற்றிலும் இழந்தே இங்கு வருகிறது. மூடுபனியில் விளக்கொளி எங்கும் பரவி, விளக்கு எங்கே இருக்கிறது என்று தெரியாமற்போவது போன்றது இது.

ஆற்றல் மிக உயர்ந்தால் நிலைமை மாறுகிறது. ஒன்றை அடுத்து இருபது சுழிகள் இட்ட எண்ணளவு எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் பெற்ற புரோட்டானுக்குப் பால்வெளி மண்டலத்தின் புலம் ஒரு பொருட்டன்று. அதன் பாதை சிறிதே வளையும். அத்தகையவை மிக அரியவை. அர்ஜென்டினாவில் உள்ள பியர் ஓஜே ஆய்வகம், உயர் ஆற்றல் துகள்கள் வானின் ஒரு பாதியிலிருந்து சற்று மிகுதியாக வருவதை 2017ஆம் ஆண்டு அறிவித்தது. அத்திசை பால்வெளியின் மையத்திலிருந்து விலகியிருந்தமையால், அவை நம் மண்டலத்துக்கு அப்பாலிருந்து வருபவை என்பது தெளிவாயிற்று. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 2021ஆம் ஆண்டு பதிவான மிகு ஆற்றல் துகள் ஒன்றோ, விண்மீன் மண்டலங்கள் அருகிய வெற்றுவெளியை நோக்கியே விரல் நீட்டியது. அதன் பிறப்பிடம் இன்றும் புதிராகவே உள்ளது.

வளையாத துகள்

மின்னூட்டம் உள்ள தூதன் வழிமாறிவிடுகிறான் எனில், மின்னூட்டம் இல்லாத தூதனை நாட வேண்டும். அத்தூதனே நியூட்ரினோ. எந்தக் காந்தப்புலமும் அதனை வளைப்பதில்லை. பாறையும் மலையும் புவியுமே அதற்குத் தடையல்ல. அதனாலேயே அதனைப் பிடிப்பதும் கடினம்.

அண்டக்கதிர்கள் வளிமண்டலத்தில் மோதும்போதும் நியூட்ரினோக்கள் பிறக்கின்றன. இவ்வகை நியூட்ரினோவை உலகில் முதன்முதலாகக் கண்டறிந்த இடங்களுள் ஒன்று கோலார் தங்கவயல். 1965ஆம் ஆண்டு இந்திய, ஜப்பானிய, ஆங்கில அறிவியலாளர் சுரங்கத்தின் ஆழத்தில் அதனைப் பதிவு செய்தனர். நியூட்ரினோவைக் காந்தம் வளைக்காவிடினும், அதனைப் பெற்ற அண்டக்கதிரை வளைத்திருக்கிறது. ஆதலால் மேற்கு, கிழக்கு வேறுபாடு நியூட்ரினோவிலும் தொடர்கிறது. ஜப்பானின் சூப்பர் காமியோகாண்டே ஆய்வகம் இதனை 1999ஆம் ஆண்டில் வெளிப்படுத்தியது.

தங்கவயல் மரபின் தொடர்ச்சியாகத் திட்டமிடப்பட்டதே இந்திய நியூட்ரினோ ஆய்வகம். போடி மேற்கு மலைப்பகுதியில் பொட்டிபுரம் ஊரை அடுத்த அம்பரப்பர் மலை அதற்கெனத் தெரிவு செய்யப்பட்டது. மலைக்குள் ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் நீளச் சுரங்கம் குடைந்து, நாற்புறமும் ஒரு கிலோமீட்டருக்குக் குறையாத பாறை சூழ்ந்த குகையில், 50 ஆயிரம் டன் காந்த இரும்புக் கருவியை நிறுவுவது திட்டம். அப்பாறை மியூவான்களைப் பத்து இலட்சத்தில் ஒரு பங்காகக் குறைத்துவிடும்; அந்த அமைதியில் நியூட்ரினோவின் மெல்லிய குரல் கேட்கும். மதுரையில் இயங்கும் 85 டன் கருவி அதன் சிறு முன்மாதிரியே. ஒன்றிய அமைச்சரவை 2015 ஜனவரியில் இத்திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. 2018ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் அனுமதியும் வழங்கப்பட்டது.

மலையின் மறுபக்கக் குரலும் ஒலித்தது. அம்மலைத்தொடர் கேரளத்தின் மதிகெட்டான் சோலை தேசியப் பூங்காவை ஒட்டியது. புலிகள் இடம்பெயரும் காட்டுவழியின் பகுதி. பல்லுயிர் செறிந்த நீர்ப்பிடிப்புப் பகுதி. பாறையை வெடிவைத்துப் பிளப்பதால் காட்டுக்கும் நீருக்கும் என்ன நேரும் என்று மலையடிவார மக்களும் சூழலியலாளரும் வினவினர். மேற்குத் தொடர்ச்சி மலையில் இத்திட்டம் வேண்டா என்ற நிலைப்பாட்டைத் தமிழ்நாடு அரசு 2022ஆம் ஆண்டு உச்சநீதிமன்றத்தில் தெரிவித்தது.

நியூட்ரினோ எவருக்கும் தீங்கு செய்வதில்லை. அது ஆய்வகம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நம்மை ஊடுருவிச் சென்றுகொண்டேயிருக்கிறது. வினா துகளைப் பற்றியதன்று, மலையைப் பற்றியது. அறிவைத் தேடும் உரிமையும் காட்டைக் காக்கும் கடமையும் நேருக்கு நேர் நிற்கும் இடம் இது. இரண்டுமே பொதுநலம் சார்ந்தவை. இத்தகைய இடங்களில் ஒரு பக்கத்தைப் பழிப்பதைவிட, இரு பக்கத்துச் சான்றுகளையும் எடைபோடுவதே கற்றவர் கடன்.

போடியின் மேற்கு மலைமேல் நாள்தோறும் கதிரவன் மறைகிறான். சாரலும் அத்திசையில் வருகிறது. அண்டக்கதிரும் அத்திசையில் சற்று மிகுந்து வருகிறது. கண்ணுக்குத் தெரியாத அம்மிகுதியை எண்ணியறிந்த மனிதன், ஒரு துகளின் இயல்பையும் புவியின் காந்தக் கவசத்தையும் விண்வெளியின் விரிவையும் அறிந்துகொண்டான். வந்தவரை எத்திசை எனக் கேட்பது எளிய வினாவே. அவ்வினாவைப் பொறுமையுடன் கேட்டவர்களுக்கு வானம் விடையளித்திருக்கிறது.

சொல்லும் பொருளும்

மின்காட்டி – மின்னூட்டம் இருப்பதைக் காட்டும் கருவி
காந்த நடுவரை – புவியின் காந்தப்புலம் தரைக்கு இணையாக அமையும் இடங்களை இணைக்கும் கோடு
உந்தம் – இயங்கும் பொருளின் நிறையும் திசைவேகமும் சார்ந்த அளவு
உணர்கலம் – துகள் கடந்து செல்வதைப் பதிவு செய்யும் கருவி
வாயிற்படி – (இக்கட்டுரையில்) துகள் உள்ளே வரத் தேவையான குறைந்த அளவு ஆற்றல்

கற்பவை கற்றபின்

1. அண்டக்கதிர்களுள் பெரும்பாலானவை எதிர்மின்னூட்டம் உடையனவாக இருந்திருந்தால், மதுரை அளவீட்டின் முடிவு எவ்வாறு இருந்திருக்கும்? காரணத்துடன் எழுதுக.
2. ஏலக்காய்ச் சல்லடைக்கும் புவியின் காந்தப்புலத்துக்கும் உள்ள ஒற்றுமை வேற்றுமைகளைப் பட்டியலிடுக.
3. 'அறிவியல் ஆய்வும் இயற்கைப் பாதுகாப்பும்' என்னும் தலைப்பில், இரு தரப்புக் கருத்துகளையும் முன்வைத்து வகுப்பில் கலந்துரையாடுக.